போர் நடக்கும்போது ஊழலைத் தோண்டலாமா? உக்ரேன் பற்றி ஒரு கேள்வி

ஈசூன் பாலா:
ரிசர்விஸ்ட் (ராணுவப் பயிற்சி) போன இடத்தில் கேன்டீனில் பெரிய வாக்குவாதம். 2025 நவம்பரில் உக்ரேன் அதிபர் ஸெலென்ஸ்கியின் வலக்கையாக இருந்த யெர்மாக் வீட்டில் சோதனை, அன்றைக்கே அவர் பதவி விலகல். எதிரி வாசலில் நிற்கும்போது சொந்த ஆட்களை இப்படி நோண்டினால் ராணுவத்தின் தெம்பு போய்விடும், போர் முடியட்டும், அப்புறம் கணக்குப் பார்க்கலாம் என்கிறான் என் செக்‌ஷன் நண்பன். தளபதி ஸலூஷ்னி நீக்கப்பட்டதையும் இதோடு சேர்க்கிறான். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் விவரமாகப் பேச வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

துவாஸ் ஸ்டோர்மேன்:
தம்பி, நான் தேசிய சேவையில் (என்எஸ்) ஸ்டோர் பார்த்தவன், இப்போது வேலையும் கொள்முதல்தான். அதனால் எனக்கு அரசியலைவிட பில்தான் முதலில் கண்ணில் படும்.

2023 ஜனவரியில் ஒரு பில் வெளியே வந்தது. கியெவ் கடைகளில் 7 ஹ்ரிவ்னியா (உக்ரேன் நாணயம்) அளவில் விற்ற ஒரு முட்டைக்குப் பாதுகாப்பு அமைச்சின் உணவு ஒப்பந்தத்தில் 17 ஹ்ரிவ்னியா. கண்டுபிடித்து எழுதியவர் ஒரு பத்திரிகையாளர். துணை அமைச்சர் உடனே விலகினார். அமைச்சர் ரெஸ்னிகோவ் செப்டம்பர் வரை தாக்குப்பிடித்தார். அதற்குப் பிறகுதான் ராணுவத்துக்கு உணவும் உடையும் வாங்கத் தனி நிறுவனம் ஒன்று சரியாக நடக்க ஆரம்பித்தது. உன் நண்பன் சொல்வதுபோல் போர் முடியும்வரை காத்திருந்தால், அதுவரை சிப்பாய் 17 ஹ்ரிவ்னியா முட்டையைத்தான் தின்றுகொண்டிருப்பான்.

2025 விவகாரம், அதாவது யெர்மாக் வீட்டுச் சோதனை வரை போன வழக்கு, இன்னும் மோசம். எனர்கோஅட்டம் என்ற அரசு அணுமின் நிறுவனத்தின் ஒப்பந்தக்காரர்களிடம் 10 முதல் 15 விழுக்காடு கமிஷன் கேட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மொத்தம் சுமார் 10 கோடி டாலர். கொடுக்காதவனுக்குப் பாக்கிப் பணம் வராது. வழக்குப் போடலாமே என்றால், போர்க்காலச் சட்டப்படி அந்த நிறுவனத்திடமிருந்து நீதிமன்றம் வழியாகக் கடனை வசூலிக்க முடியாது. மின்சாரம் நிற்கக்கூடாதென்று போட்ட சட்டம் கமிஷன்காரனுக்குக் கேடயமாகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. போர் முடிந்த பிறகு பார்க்கலாம் என்கிறார்களே, திருடனுக்கு வசதி செய்து கொடுத்ததே இந்தப் போர்தானே?

ஸலூஷ்னி கதை வேறு. 2024 பிப்ரவரியில் அவரை மாற்றிவிட்டு சிர்ஸ்கியை வைத்தார்கள். போர் தேக்கத்தில் நிற்கிறது என்று அவர் வெளிப்படையாக எழுதியது, எத்தனை பேரைப் படைக்குத் திரட்டுவது என்ற கருத்து வேறுபாடு, மக்களிடம் அவருக்கிருந்த செல்வாக்கு, இப்படிப் பல காரணங்கள் பேசப்பட்டன. ஊழல் அதில் இல்லை. பிறகு லண்டனுக்குத் தூதராகப் போனார். தளபதியை மாற்றுவது அதிபரின் உரிமை. அது சரியான முடிவா என்பது தனி விவாதம்.

பீஷான் ராஜி:
அண்ணே, நல்ல விளக்கம். ஆனால் ஸெலென்ஸ்கியே எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2025 ஜூலை 22-ஆம் தேதி, ஊழல் தடுப்பு அமைப்பான நாபுவையும் சிறப்பு வழக்கறிஞர் அலுவலகத்தையும் தலைமை வழக்கறிஞரின் கைக்குள் கொண்டுவரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அந்தத் தலைமை வழக்கறிஞரை நியமிப்பது அதிபர். போர்க்காலத்திலும் மக்கள் அட்டை பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், ஐரோப்பிய ஒன்றியமும் முகம் சுளித்தது. ஜூலை 31-இல் சட்டத்தைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. அந்தச் சட்டம் நிலைத்திருந்தால் நவம்பர் வழக்கை நாம் கேள்விப்பட்டிருப்போமா என்பதே சந்தேகம்.

கிளமெண்டி வாசகன்:
ரஷ்யாவிலும்தான் பிடிக்கிறார்கள். துணைப் பாதுகாப்பு அமைச்சர் திமூர் இவானோவ் 2024 ஏப்ரலில் கைது, 2025 ஜூலையில் 13 ஆண்டு சிறை. அப்போ ரெண்டு பக்கமும் ஒன்றுதானே?

துவாஸ் ஸ்டோர்மேன்:
ஒன்றில்லை வாசகன். இவானோவ் யாருடைய ஆள்? அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஷோய்குவின் ஆள். ஷோய்கு பாதுகாப்பு அமைச்சை விட்டுப் போனார், ஆனால் நேராகப் பாதுகாப்பு மன்றச் செயலாளர் நாற்காலிக்கு. அங்கே யாரைத் தொடலாம் என்று மேலிருந்து உத்தரவு வந்தால்தான் கை நீளும். கியெவில் அந்தக் கமிஷன் வழக்கில் நாபு போய் நின்றது, அதிபரின் பழைய தொழில் கூட்டாளி மிண்டிச்சின் வாசலில். நீதித்துறை அமைச்சர், எரிசக்தி அமைச்சர் இருவர் பதவியும் போயிற்று.

நம் சிங்கப்பூரில் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிரதமர் அலுவலகத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆனால் பிரதமர் விசாரணைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அதிபர் சம்மதித்தால் இயக்குநர் தொடரலாம் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இப்படி ஒரு பக்கவாசல் இல்லாத நாட்டில், ராஜி சொன்ன மாதிரி ஜனங்களே தெருவில் இறங்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று. சோதனைக்குச் சில மணி நேரம் முன்பே மிண்டிச் எல்லை தாண்டிவிட்டார். தகவல் கொடுத்தது யார்? செய்தியில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.