முதல்முறை ஸ்கீ (பனிச்சறுக்கு): பெப்ரவரி விடுமுறைக்கு எந்த மலைக்குப் போகலாம்?

பேர்ண்_அப்பா (நவம்பர் 9)

வணக்கம். நான் சுவிசுக்கு வந்தது 1991இல். முதல் இரண்டு குளிர்காலமும் ஓபர்லாண்ட் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டலின் நிலவறைச் சமையலறையில் கோப்பை கழுவினேன். தொட்டிக்கு மேலே ஒரு சின்ன யன்னல் இருந்தது. அதற்குள்ளால் ஸ்கீ ஓடப் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும், முகம் தெரியாது. டொக் டொக் என்று நடந்து போவார்கள். ஸ்கீயோடு எனக்கு உள்ள பழக்கம் அவ்வளவுதான். இப்போது பேர்ணில் பீட்சா போடுகிறேன்.

மகளுக்கு 14 வயது. போன வருடம் பள்ளிக்கூட ஸ்கீலாகருக்கு (ஸ்கீ முகாமுக்கு) போய்வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. "அப்பா, நீங்கள் முப்பது வருசமா மலையைக் கலண்டர்ல மட்டும்தான் பாக்கிறீங்கள்" என்கிறாள். மகனுக்கு 10 வயது. அவனுக்கும் ஆசைதான், ஆனால் ஒருநாளும் ஓடியதில்லை. மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா. "கால் உடைஞ்சால் ஆர் வேலைக்குப் போறது?" என்பது அவவின் கேள்வி. நியாயமான கேள்வியும்தான்.

பிள்ளைகளுக்குப் பெப்ரவரி தொடக்கத்தில் ஒரு கிழமை விடுமுறை. எனக்கு வழக்கமாக ஞாயிறும் திங்களும்தான் ஓய்வு. அந்தக் கிழமை மட்டும் ஐந்து நாள் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். நாலு பேருக்கும் எல்லாம் சேர்த்து 2500 பிராங்கைத் தாண்டக்கூடாது. கார் இருக்கிறது, ஆனால் பனி கொட்டிய மலைப்பாதையில் ஓட எனக்குத் துணிவில்லை. ஹல்ப்டாக்ஸ் (அரைக்கட்டண ரயில் அட்டை) எல்லோரிடமும் உண்டு.

வேலையிடத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். செர்மாட், கிரின்டெல்வால்ட், அடல்போடன் என்று. செர்மாட் என்றதும் மனைவி கைத்தொலைபேசியில் கணக்குப் பார்த்துவிட்டுச் சிரித்தா. நத்தார் விடுமுறைக்கே போவோமா, பெப்ரவரி வரை பொறுப்போமா, எங்கே போவது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பீல்_சோதி (நவம்பர் 9)

அண்ணை, நான் 39 வயதில் பழகினேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் நத்தாரை விடுங்கள். அந்த இரண்டு கிழமையும் விலை உச்சத்தில் இருக்கும், பனிக்கோ உத்தரவாதம் இல்லை. 2023 புத்தாண்டு நினைவிருக்கிறதா? அன்று டெலமோனில் 20 பாகைக்கு மேல் அடித்தது. நாங்கள் பல்கனியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அடுத்த கிழமை அடல்போடனில் உலகக் கிண்ணப் போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சுற்றிவரப் புல், நடுவில் இயந்திரத்தால் அடித்த பனி ஒரு வெள்ளைப் பட்டியாக. அடல்போடன் ஊரே 1350 மீற்றரில்தான் இருக்கிறது. கிரின்டெல்வால்ட் அதைவிடக் கீழே, 1034. மேலே ஏறினால் பனி இருக்கும். ஆனால் பழகுகிறவர்கள் நிற்பது அநேகமாக ஊர்ப்பக்கச் சரிவில்தானே. ஆகவே பெயரைப் பார்க்க முன்னம் உயரத்தைப் பாருங்கள். பழகும் இடமே 1800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊராக இருந்தால் பெப்ரவரியில் பயப்படத் தேவையில்லை.

என் தெரிவு வாலிஸ் மாநிலத்தில் உள்ள பெட்மர்ஆல்ப். ஊர் கிட்டத்தட்ட 1950 மீற்றரில் இருக்கிறது. கார் போகாது. பேர்ணில் ரயில் ஏறினால் லொட்ச்பேர்க் அடிச்சுரங்கத்தால் பிரிக், அங்கே சின்ன சிவப்பு ரயிலுக்கு மாறிப் பெட்டன் அடிவாரம். இறங்கிய இடத்திலேயே கேபிள் கார். எல்லாமாக இரண்டு மணித்தியாலமளவில் பனிக்குள் நிற்பீர்கள். உங்கள் கார்ப் பயத்துக்கும் அதுவே மருந்து. பிள்ளைகள் பழகும் இடம் ஊரை ஒட்டியே இருக்கிறது. மகள் களைத்துப்போகாத பிள்ளை என்றால் அவளை மேலே பெட்மர்ஹோர்ன் வரை அனுப்பலாம். அங்கிருந்து அலெட்ச் பனியாறு தெரியும். ஆல்ப்சிலேயே ஆக நீளமானது அதுதான். மியூரனும் அழகு, ஆனால் சரிவுகள் செங்குத்து. முதல்முறைக்கு வேண்டாம்.

உங்கள் விடுமுறை பெப்ரவரி தொடக்கத்தில் வருவது அதிர்ஷ்டம். சூரிச் நகரப் பிள்ளைகளுக்கு அதன்பிறகு இரண்டு கிழமை, பாசலுக்கும் லுசேர்னுக்கும் பஸ்னாக்ட் திருவிழாவை ஒட்டி. நடுப்பகுதியிலிருந்து இங்கிலாந்து, பிரான்ஸ், ஒல்லாந்து என்று எல்லோரும் வந்து சேருவார்கள். அப்போது லிஃப்டுக்கு நிற்கிற வரிசை நல்லூர்த் தேருக்கு நிற்கிற மாதிரி இருக்கும்.

இப்போது கசப்பான செய்தி. அந்தக் கிழமையில் நாலு பேர், ஐந்து நாள், தங்குமிடம், லிஃப்ட் பாஸ், வாடகைச் சாமான், ஸ்கீப் பள்ளி எல்லாம் 2500க்குள் அடங்காது. மூன்று நாள் என்றால் இழுத்துப் பிடிக்கலாம். ஞாயிறு போய்ச் செவ்வாய் பின்னேரம் திரும்புங்கள், சனிக்கிழமையை விடுங்கள். குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களில்தான் தொடங்கும். புதன்கிழமை போய் நின்றால் உங்களை எந்த வகுப்பிலும் சேர்க்கமாட்டார்கள். நாலு பேருக்கும் முழுப் பாஸ் எடுக்கவும் வேண்டாம். மகளுக்கு மட்டும் எடுங்கள். பழகுகிறவர்களுக்குச் சின்ன லிஃப்டுக்கு மட்டுமான மலிவுச் சீட்டு பல இடங்களில் உண்டு. முதலாளியிடம் றேக்கா காசு (விடுமுறைச் செலவுக்கான பணம்) கழிவில் கிடைக்குமா என்றும் கேளுங்கள், பல கேபிள் கார்களில் அது செல்லும்.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு ஞாயிறு ஓய்வு என்றீர்கள். ஜனவரியில் இரண்டு ஞாயிறு போய் விழுந்து எழும்பிப் பழகிவிட்டு வாருங்கள். பனி விழுந்தால் உங்கள் வாசலிலேயே குர்டன் குன்று இருக்கிறது. நான் அங்கேதான் தொடங்கினேன், ஜீன்ஸ் போட்டு, இரண்டு சோடி காலுறையோடு. பத்து நிமிடத்தில் ஜீன்ஸ் நனைந்து விறைத்துவிட்டது. இரண்டு காலுறையும் சப்பாத்துக்குள் மடிந்து குதிக்காலை உரித்துவிட்டது. ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை போதும். வாடகைக் கடையில் எடை கேட்பார்கள், அக்காவை உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் சப்பாத்து எப்போது ஸ்கீயை விட்டுக் கழர வேண்டும் என்று பூட்டை இறுக்குவார்கள். நான் ஏழு கிலோ குறைத்துச் சொன்னேன். சும்மா திரும்பினாலே கழன்றுகொண்டிருந்தது.

கூர்_பெடியன் (நவம்பர் 10)

அங்கிள், நான் இங்கே பிறந்தவன், தமிழில் பிழை இருந்தால் மன்னியுங்கள். சோதி அன்ரி சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் நான் மாறுபடுகிறேன். ஜனவரி மலிவுதான், நத்தார்ச் செலவுக்குப் பிறகு எல்லோருடைய பொக்கற்றும் காலி. ஆனால் குளிர். நாலரைக்கே வெயில் போய்விடும், நிழல் விழுந்த சரிவு கண்ணாடி மாதிரி இருக்கும். பெரிய ஆட்கள் பழக மார்ச்தான் சுகம். பகல் நீளம், வெயில், விழுந்தாலும் நோகாது. காலையில் ஒன்பதுக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியுங்கள். அதன்பிறகு பனி உழுத வயல் மாதிரி ஆகிவிடும், முழங்காலுக்குக் கூடாது.

எந்த மாதம் போனாலும் குறியிட்ட சரிவை விட்டு வெளியே போகவேண்டாம். இங்கே நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மஞ்சள் தடியைக் கண்டால் அது உருட்டிச் சீர்செய்யாத பாதை, உங்களுக்கில்லை. உங்களுக்கு முன்னால், கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை. பின்னால் வருகிறவர்தான் பார்த்து விலக வேண்டும். ஆகவே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடாதீர்கள், எங்கள் அம்மா செய்கிற மாதிரி.

மகனுக்கு ஸ்கீ வாங்காதீர்கள். முழுப் பருவத்துக்கும் வாடகைக்கு எடுங்கள். அடுத்த வருடம் காலும் வளர்ந்துவிடும்.

வல்வையான் (நவம்பர் 10)

கால் உடைந்தால் என்று கேட்டதற்கு. கிழமைக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஒரே இடத்தில் வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியாகக் காப்புறுதி உண்டு. ஸ்கீயும் அதில் அடக்கம். உங்கள் இருவருக்கும் பயமில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் கிராங்கன்காசாவில் (மருத்துவக் காப்புறுதியில்) விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெலிகொப்டர் உதவிக்கு றேகா என்ற மீட்பு அமைப்பின் இலக்கம் 1414. ஆனால் நீங்கள் போவது வாலிஸ் என்றால் 144 அடிக்க வேண்டும். அங்கே ஏற்பாடு வேறு.

இன்னொன்று, இதை வாசிக்கிற மற்றப் பெற்றோருக்கு. செலவுக்குப் பயந்து பிள்ளையை ஸ்கீலாகருக்கு விடாமல் இருக்காதீர்கள். 2017 டிசம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பள்ளியின் கட்டாய முகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுக் காசு மட்டும்தான் கேட்கலாம், அதுவும் வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு அதிகபட்சம் 10 முதல் 16 பிராங்தான். நான் இது தெரியாமல் மூத்தவனை ஒரு வருடம் மறித்துவிட்டேன். இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

பேர்ண்_அப்பா (நவம்பர் 12)

எல்லோருக்கும் நன்றி. பெட்மர்ஆல்பில் சின்ன அடுக்குமாடி ஒன்றில் இரண்டு இரவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். தம்பி சொன்ன மார்ச் நல்ல யோசனைதான், ஆனால் பள்ளிக்கூடம் விடாதே. எடை விசயத்தை மனைவியிடம் சொன்னேன். "கடைக்காரனின் காதுக்குள்ள சொல்லுறன்" என்றா. சாப்பாடு என்ன செய்வது? மேலே உள்ள உணவகங்களின் விலையைப் பார்த்தேன், நான் அந்தத் தொழிலில் இருந்தும் எனக்கே நெஞ்சு அடைத்தது.

பீல்_சோதி (நவம்பர் 12)

ரோல்ஸ், கட்லட், பிளாஸ்கில் தேத்தண்ணி. பல மலை நிலையங்களில் கட்டிக்கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட ஒரு அறை விட்டிருப்பார்கள், டிக்கெட் கவுண்டரில் கேளுங்கள். இடியப்பம் வேண்டாம். ஒருமுறை கொண்டுபோனேன், பலகையாகிவிட்டது.

பேர்ண்_அப்பா (ஜனவரி 11)

முதலாவது ஞாயிறு முடிந்தது. குர்டனில் புல்தான் தெரிந்தது, ஆகவே கிரின்டெல்வால்டுக்கு ரயில் எடுத்தோம். ஊருக்கு மேலே போட்மி என்ற இடத்தில் பழகுகிறவர்களுக்கு ஒரு சரிவு இருக்கிறது. அடுத்த வார இறுதியில் அந்தப் பக்கம் போகவேண்டாமாம். பக்கத்தில் வெங்கனில் லௌபர்ஹோர்ன் போட்டி, ரயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது என்றார்கள்.

பேர்ணில் மூன்று நாளாக வெயிலே இல்லை, ஒரே மூடுபனி. ரயில் கொஞ்சம் ஏறியதும் எல்லாம் கீழே போய்விட்டது. நீல வானம். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் இது மேல இருந்ததா?" என்று கேட்டா.

நாங்கள் மூவரும் மாயக் கம்பளம் என்கிற அந்த ஓடும் பட்டியில் ஏறி ஏறி இறங்கினோம். பயிற்சியாளப் பிள்ளை நிற்பாட்டுவதற்கு ஒரு சொல் சொல்லித்தந்தாள். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்ட வேண்டும், அதற்குப் பெயர் பீட்சா. நேராக விட்டால் பொம்ஃபிரிட், அதாவது உருளைக்கிழங்குப் பொரியல். "பீட்சா! பீட்சா!" என்று கத்துகிறாள், நான் வேலைக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடமாகப் பீட்சா போடுகிறவனுக்கு அந்தப் பீட்சா வரவில்லை. வேலியில் போய்த்தான் நின்றேன். மகன் மத்தியானத்துக்குள் பிடித்துவிட்டான். மனைவி மூன்றுதரம்தான் விழுந்தா. நான் எண்ணவில்லை, மகள் எண்ணினாளாம், சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். வருகிற முறை கம்பளத்தை விட்டு, கவிழ்த்த நங்கூரம் மாதிரிக் கம்பியில் தொங்கி வருகிற லிஃப்டில் ஏற்றப் போகிறாளாம் மகள். பக்கத்தில் நின்று பார்த்தேன், என் வயதுக்காரர் ஒருவர் அதிலிருந்து விழுந்து உருண்டு போனார். அதை எப்படிப் பிடிப்பது?

கூர்_பெடியன் (ஜனவரி 11)

அங்கிள், உட்காராதீர்கள். எல்லோரும் அங்கேதான் விழுவது. அது கதிரை இல்லை. முழங்காலைக் கொஞ்சம் மடித்து நின்றபடியே இருங்கள், கம்பு பின்பக்கத்தில் தள்ளும், ஸ்கீ இரண்டும் நேராக. பொம்ஃபிரிட்.