11 நாள் படுக்கைக்கு அப்புறம் அப்பாவால எழுந்திருக்க முடியல. தசை இழப்பை முன்னாடியே கண்டுபிடிக்க டெஸ்ட் இருக்கா?

கும்பகோணம்_மகள்:
அப்பாவுக்கு 73 வயசு. 31 வருஷம் பஸ் ஓட்டினவர். போன மாசம் நிமோனியான்னு ஒரு ஆஸ்பத்திரியில 11 நாள் இருந்தோம். காய்ச்சல் விட்டுச்சு, ஆக்சிஜன் 97 வந்துச்சு, நிம்மதியா கூட்டிட்டு வந்தேன். மறுநாள் காலையில பாத்ரூம்ல உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாம உள்ளேர்ந்து கதவைத் தட்டினார். வெஸ்டர்ன் டாய்லெட்தான். நானும் தம்பியும் அக்குள்ல கை கொடுத்துத் தூக்கினோம். அப்போதான் காலைப் பார்த்தேன். கிளட்ச் மிதிச்சு மிதிச்சு உருண்டு திரண்டிருந்த இடது தொடையில தோல் தொங்குது. நாலாம் நாள் வாசப்படியில விழுந்துட்டார். நல்லவேளை, எலும்பு முறியல.

டிஸ்சார்ஜ் ஃபைல்ல சுகர், கிரியேட்டினின், ஈசிஜி, சிடி எல்லாம் இருக்கு. எடை சேர்றப்போ 64 கிலோ, கிளம்புறப்போ 63.5. ஆனா நாற்காலியிலேர்ந்து தானா எழுந்திருக்கிறாரான்னு ஒருத்தரும் பார்க்கல. நானும் பார்க்கல. "ரெஸ்ட் எடுக்கட்டும்"னு பெட்பேன் கேட்டு வாங்கினதே நான்தான், அதுதான் உறுத்துது.

இதுக்குன்னு டெஸ்ட் இருக்கா? எப்போ பண்ணணும்? வீட்டுல நானே பண்ணலாமா?

நெல்லை_பிசியோ:
வணக்கம்மா. 14 வருஷமா வார்டுல வேலை பார்க்குறேன். நீங்க சொல்றதை வாரா வாரம் பார்க்குறோம். இப்படித் தசையும் அதோட பலமும் குறையுறதுக்குப் பேரு சார்கோபீனியா. 2007-ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, நோய் எதுவும் இல்லாத வயசானவங்களையே 10 நாள் படுக்க வச்சுப் பார்த்தாங்க. கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைஞ்சிருந்துச்சு. அப்பாவுக்கு அதோட காய்ச்சலும் சேர்ந்திருக்கு. எடை மாறாததை நம்பாதீங்க. ட்ரிப்ஸ் தண்ணி உடம்புல நின்னா தசை போனது எடையில தெரியாது.

முதல்ல அஞ்சு கேள்வி. நாலரை கிலோ தூக்க, அறைக்குள்ள நடக்க, நாற்காலியிலேர்ந்து எழ, பத்துப் படி ஏற எவ்வளவு சிரமம்? சிரமமே இல்லன்னா 0, கொஞ்சம்னா 1, ரொம்ப சிரமம்னாலோ முடியவே முடியலன்னாலோ 2. அஞ்சாவது, ஒரு வருஷத்துல எத்தனை தடவை விழுந்தார்? ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் 1, அதுக்கு மேல 2. கூட்டி நாலோ அதுக்கு மேலயோ வந்தா சந்தேகப்படணும். ஆனா நாலுக்குக் கீழ வந்தா தப்பிச்சோம்னு அர்த்தமில்ல, இந்தக் கேள்விகள் நிறைய பேரைக் கோட்டை விட்டுடும்.

அதனால டெய்லர் டேப் எடுங்க, செ.மீ. பக்கம். உட்கார வச்சு, பாதம் தரையில படணும். கெண்டைக்கால்ல ரொம்பப் பருமனான இடத்துல, சதையை இறுக்காம அளங்க. ஆசிய நாட்டு மருத்துவர்கள் 2019-ல வச்ச அளவுப்படி ஆம்பளைக்கு 34, பொம்பளைக்கு 33-க்குக் கீழ இருந்தா கவனிக்கணும். கால் வீங்கியிருந்தா இந்த அளவு பொய் சொல்லும். விரலால அமுக்கிக் குழி விழுதான்னு முதல்ல பாருங்க.

அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்க. 12 விநாடியோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா கால் பலம் குறைஞ்சிருக்கு. பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். கைப்பிடி பலம் பார்க்குற கருவி எங்ககிட்ட இருக்கு. ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18-க்குக் கீழ போகக்கூடாது. உறுதியாச் சொல்ல, உடம்புல தசை எவ்வளவு இருக்குன்னு காட்டுற டெக்ஸா மாதிரி ஸ்கேன் வேணும். ஆனா உடற்பயிற்சி ஆரம்பிக்க அதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எப்போன்னு கேட்டீங்க. அட்மிட் ஆன அன்னிக்கு ஒரு தடவை, வீட்டுக்கு விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை. ரெண்டுக்கும் அஞ்சு அஞ்சு நிமிஷம். முதல் நாள் அளவு இல்லாம எவ்வளவு போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்களைக் குறை சொல்லிக்காதீங்கம்மா, பெட்பேன் வேண்டாம்னு எங்க ஆளுங்கதான் சொல்லியிருக்கணும்.

கஞ்சி_வேண்டாம்:
அக்கா, சாப்பாடு என்ன கொடுத்தீங்க? என் மாமியாருக்கு ரெண்டு வாரமும் அரிசிக் கஞ்சி, பிரெட், இளநீர்தான். கடைசியிலதான் டயட்டீஷியன் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. நோயில கிடக்குற வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேணுமாம். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 77 கிராமுக்குக் குறையாது. ஒரு முட்டையில 6 கிராம்தான், ஒரு டம்ளர் பாலும் கிட்டத்தட்ட அவ்வளவே. அப்போ கஞ்சியில என்ன இருக்கும்? கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் அதிகமா இருந்தா மட்டும் டாக்டரைக் கேக்காம புரதத்தை ஏத்தாதீங்க.

கும்பகோணம்_மகள்:
அண்ணா, நேத்து சாயங்காலம் பார்த்தேன். அஞ்சு கேள்விக்கு 7. வீக்கம் இல்ல, இடது கெண்டைக்கால் 31.5, வலது 32. மூணு தடவை எழுந்தார், நாலாவதுல கைப்பிடியைப் பிடிச்சுட்டார். "பிரேக் பிடிக்கலம்மா"ன்னார், எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு. நம்பர்களை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன், டாக்டர் உடனே பிசியோ எழுதிக் கொடுத்தார். கிரியேட்டினின் சரியா இருக்கு. காலையில ரெண்டு முட்டை, ராத்திரி பாசிப்பருப்பு அடைன்னு மாத்தியிருக்கேன்.

அம்மாவுக்கு அடுத்த மாசம் முட்டி ஆபரேஷன். அவங்களையும் அளந்தேன், கெண்டைக்கால் 32.5. தேதி போட்டு ஃபைலோட முதல் பக்கத்துல பேனாவால எழுதி வச்சிருக்கேன்.