'நிற்' என்பதற்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கு முன் வேண்டும்

திருநெல்வேலி, யாழ்ப்பாணம் (திங்கள்)

எல்லோருக்கும் வணக்கம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு கோட் றிவியூ (ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்த்துத் திருத்தம் சொல்வது) பற்றி எட்டுப் பக்கக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டுப்பட்டு நிற்கிறேன். அடுத்தவரின் நிரலில் சின்னத் திருத்தம் சொல்லும்போது ஆங்கிலத்தில் முன்னால் 'நிற்' என்று போடுவார்கள். 'திருத்தினால் நல்லது, இதற்காக உன் வேலையை மறிக்க மாட்டேன்' என்று பொருள்.

போன கிழமை ஒரு பிள்ளை நிரலின் குறிப்பில் 'தரவுகளை சேமிக்கும்' என்று எழுதியிருந்தாள். கூட்டாளி 'ச் எங்கே?' என்று மட்டும் கேட்டான். அவள் சமர்ப்பித்ததையே மூடிவிட்டுப் போய்விட்டாள். நிரல் சரியாகத்தான் ஓடியது. அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் போட ஒரு சொல் தாருங்கள்.

உரும்பிராய்

பிள்ளை, சொல் ஏற்கனவே இருக்கிறது. வழு என்றால் பிழை, வழாநிலை என்றால் பிழையில்லாதது, வழுவமைதி என்றால் காரணத்தோடு இலக்கணம் ஏற்றுக்கொண்ட பிழை. நிரலில் வரும் 'பக்' என்பதை நீங்களே வழு என்கிறீர்கள். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழு. உவப்பில் சொன்னதால் அமைத்துக்கொள்கிறோம். மறிக்காமல் விடுகிற பிழைக்கு வழுவமைதியை விட வேறென்ன வேண்டும்?

கொக்குவில்

மாஸ்ரர், அமைத்துக்கொண்டால் பிறகு ஒருவரும் திருத்த மாட்டார்கள். 'நிற்' திருத்தச் சொல்கிற சொல். மூலத்தைப் பாருங்கள்: பேன் முட்டை, எங்கள் ஈர்! ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிற ஊர் எங்களுடையது. 'ஈர்:' என்று போடுவோம், தட்டவும் சுகம்.

சின்னப் பிழையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1996இல் வந்த எச்ரிரிபி 1.0 (உலாவி வலைப்பக்கத்தைக் கேட்டுப் பெறும் விதிமுறை) ஆவணமே சாட்சி. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் 'றெபரர்' என்ற தலைப்புப் புலத்தின் ஆங்கில எழுத்தில் 'ஆர்' ஒன்று குறைந்துவிட்டது. இன்றைக்கும் உலாவிகள் அந்தப் பிழையோடுதான் அனுப்புகின்றன. பிறகு வந்த 'றெபரர் பொலிசி' என்ற புலத்தில் எழுத்து சரி. இரண்டையும் நினைவில் வைத்துத்தான் நாங்கள் நிரல் எழுதுகிறோம்.

மானிப்பாய்

ஈர் வேண்டாம், தம்பி. ஒரு பெண்பிள்ளையின் வேலைக்கு நேரே 'ஈர்' என்று போட்டுப் பாரும், தலையைச் சொன்னதாகத்தான் எடுப்பாள். எழுதிய நிரலைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் புல் றிகுவெஸ்ற்றைச் சிலர் 'ஈர்ப்புக் கோரிக்கை' என்கிறார்கள். அதற்குள் ஈர் வந்தால் குழப்பம். 'நொட்டை'யும் கூடாது, அது சொல்கிறவரையே பழிக்கும். நெல்லுக்கு உமி உண்டு, நீருக்கு நுரை உண்டு என்று படித்தோமே. 'உமி:' என்று போடுவோம். நெல் நல்லது, உமியை மட்டும் ஊதிவிடு என்று பிள்ளைக்கு விளங்கும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 1847இல் வந்து, இதே மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். கணனிக்கு மட்டும் ஏன் முடியாது?

கொக்குவில்

கணினி.

உரும்பிராய்

உமி குற்றமல்ல. முளைப்பது அரிசியே ஆனாலும் உமி போனால் முளையாது என்றார் ஔவையார். ஈரையும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். ஈர்தல் என்றால் பிளத்தல், அறுத்தல். ஈர்வாள் அதில் வந்தது. ஓலையைக் கிழித்தால் மிஞ்சுவது ஈர்க்கு. மயிரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் ஈரும் ஈர்க்கும் ஒரே வேர் என்பது என் எண்ணம். கலிங்கத்தைக் கிழிப்பதற்கும்...

(இன்னும் இரண்டு பக்கம் போகிறது. இங்கே சேர்க்கவில்லை.)

திருநெல்வேலி (வியாழன் இரவு)

ஐயாமாரே, 'கணினி' என்று ஒற்றைச் சொல் வந்த பிறகு மானிப்பாய் அண்ணை இரண்டு நாளாக ஒன்றும் எழுதவில்லை. அவர் எழுதிய 'கணனி' இங்கே நாங்கள் நெடுங்காலம் எழுதிய வடிவம். முன்னால் ஒரு சொல் இருந்திருந்தால் அவர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார். அண்ணை, உமி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பில் கேட்டேன்: நகரத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் உமியைக் கண்டதில்லை. 'சிறு திருத்தம்' என்றதும் எல்லோருக்கும் விளங்கியது. அதையே போடுகிறேன்.

மானிப்பாய்

சரி, பிள்ளை. அச்சுக்குக் கொடுங்கள். நான் உமி என்றே எழுதுவேன்.

உரும்பிராய்

சிறு திருத்தம்: 'சிறுதிருத்தம்' பண்புத்தொகை, சிறுகதை போலச் சேர்த்தே எழுதுங்கள். த் மிகாது. வழுவமைதியை நான் இன்னும் விடவில்லை.