சிலிண்டர் ரெகுலேட்டர் நட்டு கிட்ட உஸ்ஸுன்னு சத்தம், டேப் சுத்தலாமா? அவசரம்

ஷெட்_பட்டறை
வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல கேட், கிரில் வேலை செய்யறேன். நேத்து புது சிலிண்டர் வந்துச்சு. ரெகுலேட்டர் மாட்டித் திறந்தா நட்டு கிட்ட காத்து வருது. பெரிய ஸ்பானர் போட்டு இறுக்கியும் நிக்கல. பைப் வேலைக்கு வாங்கின டெஃப்லான் டேப் கையில இருக்கு. மரைல நாலு சுத்து சுத்தினா நிக்குமா? நாளைக்கு ஒரு கேட் டெலிவரி, சீக்கிரம் சொல்லுங்க.

துவாக்குடி_வெல்டர்
என்ன கேஸ்ங்க? ஆக்ஸிஜனா, டிஏ-வா (அசிட்டிலீன்), ஆர்கானா, சிஓடூ-வா (கார்பன் டை ஆக்ஸைடு)? அது தெரியாம பதில் சொல்ல முடியாது. இப்போதைக்கு சிலிண்டர் வால்வை மூடிட்டு ஷெட் கதவைத் திறந்து வைங்க. டேப் வேண்டாம்.

மிக்_பிரியன்
கண்டிப்பா சிஓடூ-தான். எனக்கும் இதே மாதிரி ஆச்சு. நட்டுக்குள்ள ஒரு நைலான் வாஷர் இருக்கும், அது நசுங்கிப் போயிருக்கும். கடைல சின்ன விலைக்குக் கிடைக்கும், மாத்திடுங்க. அப்படியே ஹீட்டர் வேலை செய்யுதான்னும் பாருங்க. தொடர்ந்து வெல்டிங் போட்டா ரெகுலேட்டர்ல பனி பிடிச்சு கேஸ் வர்றது தடுமாறும்.

லேத்_கோவை
மரை இடமரையா வலமரையா? நட்டோட மூலைகள்ல வெட்டு வெட்டா இருக்கா? இருந்தா எரியற கேஸ். போட்டோ போட்டா நல்லாருக்கும். ரெகுலேட்டர் புதுசா பழசா?

பழைய_ஃபிட்டர்
தம்பி, இங்கே பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. இதையே பலமுறை எழுதியிருக்கிறேன். தண்ணீர் பைப்பில் அடைப்பது மரை. சிலிண்டரில் மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும்தான். ரெகுலேட்டரின் மூக்கு (நட்டுக்குள் நீட்டியிருக்கும் முனை) வால்வின் சீட்டில் (அந்த முனை பொருந்தும் குழிவில்) போய் உட்கார்ந்துதான் கேஸை அடைக்கிறது. சிஓடூ-வில் வாஷர் அடைக்கும். மரையில் டேப் சுத்தினால் மூக்கு சரியாக உட்காராது, துணுக்கு உள்ளே போய் ரெகுலேட்டரையும் கெடுக்கும். பெரிய ஸ்பானர் போட்டால் சீட்தான் நசுங்கும். இதெல்லாம் தெரியாமல் பட்டறை வைக்கக் கூடாது.

லேத்_கோவை
ஐயா, விஷயம் சரி. ஆனா தெரியாததாலதானே கேக்கறாரு. அவர் என்ன கேஸ்னு சொல்லட்டும்.

ஷெட்_பட்டறை
மன்னிக்கணும், வேலைல இருந்தேன். கறுப்பு சிலிண்டர், பெரிசு. கட்டிங்குக்குத்தான். ரெகுலேட்டர் மச்சான் கொடுத்தது, கொஞ்ச வருஷம் சும்மா கிடந்தது. மரை டைட்டா இருந்துச்சுன்னு சிலிண்டர் இறக்க வந்த பையன் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் மாட்டினான். அதுக்கப்புறம் ஈஸியா ஏறிடுச்சு. அதனால மரை பிரச்சினை இல்லைன்னு நினைக்கிறேன்.

துவாக்குடி_வெல்டர்
அண்ணா, இதைப் படிச்ச உடனே கைய எடுங்க. அந்த வால்வை இனி ஒரு தடவைகூடத் திறக்காதீங்க.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, லேபிளைப் படிங்க. கட்டிங்குக்குன்னா பெரும்பாலும் ஆக்ஸிஜன்தான். முழு சிலிண்டர்ல உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம். அதுல எண்ணெய் பட்டா தீப்பொறியே தேவையில்லை. வால்வைச் சட்டுன்னு திறக்கும்போது ரெகுலேட்டரோட சின்ன இடத்துக்குள்ள ஆக்ஸிஜன் பாய்ஞ்சு அமுங்கும், அந்த அமுக்கத்துலயே சூடு பல நூறு டிகிரிக்கு ஏறும். முதல்ல எண்ணெய் பத்தும், அது சீட்டைப் பத்த வைக்கும், அப்புறம் ரெகுலேட்டரோட உலோகமே எரிய ஆரம்பிக்கும். சுத்த ஆக்ஸிஜன்ல இரும்பு எரியும். நாம கட்டிங் பண்றதே அப்படித்தானே.

இவ்வளவு நேரம் ஒண்ணும் ஆகலைங்கறதை வச்சு இனியும் ஆகாதுன்னு நினைக்காதீங்க. கேஸ் கொடுத்தவங்களுக்குப் போன் போட்டு "வால்வுல எண்ணெய் பட்டிருக்கு"ன்னு அதே வார்த்தைல சொல்லுங்க. சொல்லாம திருப்பிக் கொடுத்தா அடுத்து நிரப்பற ஆளுக்கு ஆபத்து. ரெகுலேட்டரைத் துடைச்சுத் திரும்ப மாட்ட வேண்டாம். சும்மா கிடந்ததுன்னா உள்ள டயாஃப்ரமும் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தற சவ்வு) காஞ்சிருக்கும். புதுசு வாங்கிடுங்க.

மிக்_பிரியன்
ஆக்ஸிஜன்னு தெரியாது. சரி, ஆனா இதுக்காகப் புதுசு வாங்கணுமா? தின்னர் போட்டுத் துடைச்சா எண்ணெய் முழுக்கப் போயிடுமே. காத்துல காய வச்சா ஆவியாயிடும்.

துவாக்குடி_வெல்டர்
தின்னரே எரியற பொருள் தம்பி. மரை இடுக்குல, மூக்குக்குள்ள எங்க தங்கியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. ஆக்ஸிஜனுக்குச் சுத்தம் பண்றது தனி வேலை, வீட்டுல துணிய வச்சுப் பண்றதில்லை. கிரீஸ் கையோட, எண்ணெய்க் கறை படிஞ்ச கிளவுஸோட அந்த வால்வைத் தொடறதே தப்பு.

லேத்_கோவை
ஷெட் எவ்வளவு பெரிசுங்க? ஏன் கேக்கறேன்னா, பெரிய சிலிண்டர் ஒண்ணுல 7 கன மீட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். 10க்கு 10 அறை, 10 அடி உயரம்னா மொத்தமே சுமார் 28 கன மீட்டர். மூடின அறைக்குள்ள ராத்திரி முழுக்கக் கசிஞ்சு காலியானா, வழக்கமா 21 சதவீதம் இருக்கற ஆக்ஸிஜன் 35-ஐத் தாண்டிடும். 23-ஐத் தாண்டினாலே ஆபத்துன்னு கணக்கு. சட்டைத் துணிக்குள்ள ஆக்ஸிஜன் தங்கிடும், ஒரு பீடிப் பொறி போதும். அங்க நின்ன துணியோட உடனே கிரைண்டர் போடாதீங்க, வெளிய வந்து நல்லா காத்துல நில்லுங்க.

இதே அளவு ஆர்கான் கசிஞ்சா நேர்மாறு. ஆக்ஸிஜன் 16-க்கு இறங்கும். வாசனை கிடையாது, மூச்சு முட்டற உணர்வும் வராது, இன்னும் இறங்கினா நேரா மயக்கம்தான். டிக் வெல்டிங் பண்றவங்க இதைக் கவனிக்கணும்.

மொட்டைமாடி_ஒர்க்‌ஷாப்
ஓரமா ஒரு கேள்வி. வீட்டுப் பட்டறைக்கு டிஏ எதுக்கு? எல்பிஜி-ஆக்ஸிஜன்ல கட்டிங் நல்லாவே வருது. வீட்டு சிலிண்டர்லயே ரெகுலேட்டர் மாத்திப் பண்றவங்க எங்க ஏரியால நிறைய.

பழைய_ஃபிட்டர்
வீட்டுச் சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 2000-ஆம் ஆண்டு எல்பிஜி ஆணையைப் படியுங்கள். 19 கிலோ வணிக சிலிண்டர் எதற்கு இருக்கிறது? மேலும் எல்பிஜி வைத்து இரும்பை வெல்டிங் செய்ய முடியாது. கட்டிங், பிரேசிங் (பித்தளை உருக்கி ஒட்டுவது) மட்டுமே. அசிட்டிலீன் அசிட்டிலீன்தான்.

மொட்டைமாடி_ஒர்க்‌ஷாப்
சட்டம் சரிங்க ஐயா. ஆனா அசிட்டிலீன் மட்டும் சாதுவா? ஹோஸ்ல 15 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல வச்சா தானாவே சிதறி வெடிக்கலாம். செம்பு பைப்ல விடக் கூடாது. படுக்க வச்சுக் கொண்டு வந்தா உள்ள இருக்கற அசிட்டோன் வெளிய வரும், நிமித்தி வச்சு சில மணி நேரம் காத்திருக்கணும். வீட்டுக்கு இவ்வளவு தலைவலி வேணுமா?

பழைய_ஃபிட்டர்
எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும், சாக்கடைக்குள் இறங்கும். அது தலைவலி இல்லையா? ஆக்ஸிஜனும் அதிகம் குடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லேத்_கோவை
ரெண்டு பேரும் தனி இழை போட்டுப் பேசுங்க, நானும் வர்றேன். எல்பிஜி-க்கு நாசில் வேற, ஹோஸ் வேற, அதையும் அங்க எழுதணும். ஷெட் அண்ணா என்ன ஆனாருன்னு முதல்ல தெரியணும். அண்ணா, இருக்கீங்களா?

மிக்_பிரியன்
ஆளைக் காணோம். வண்டில கட்டித் திருப்பிக் கொண்டு போயிட்டாரோ என்னமோ.

துவாக்குடி_வெல்டர்
டூவீலர்ல கொண்டு போகக் கூடாது, கேஸ் சிலிண்டர் விதிகள்லயே இருக்கு. கடைக்காரங்க வண்டில வந்துதான் எடுக்கணும். வால்வு மூடி, தொப்பி போட்டு, நிமித்தி வச்சு செயின் கட்டி.

ஷெட்_பட்டறை
எல்லாருக்கும் நன்றி. ஆக்ஸிஜன்தான். எண்ணெய் விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சு பேசாம அவங்களே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. வேற சிலிண்டர், புது ரெகுலேட்டர். இப்ப சத்தம் இல்ல. பழசை வெளிச்சத்துல பாத்தா மூக்குல குறுக்க ஒரு கீறல் ஓடுது, நகம் வச்சா தட்டுது. கேட் டெலிவரிய ரெண்டு நாள் தள்ளிட்டேன்.

கடைல ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் (நெருப்பு ஹோஸ் வழியா சிலிண்டருக்குத் திரும்பாம தடுக்கறது) வேணுமான்னு கேட்டாங்க. அது ஆக்ஸிஜன் பக்கமா, டிஏ பக்கமா?

துவாக்குடி_வெல்டர்
ரெண்டு பக்கமும், ரெகுலேட்டர் வெளிவாய்ல. டார்ச் பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வு (கேஸ் பின்னாடி திரும்பாம தடுக்கறது). திறக்கும்போது ரெகுலேட்டர் குமிழை முதல்ல முழுக்கத் தளர்த்திட்டு, மீட்டர் முகத்துக்கு நேரா நிக்காம ஒதுங்கி நின்னு, சிலிண்டர் வால்வை மெதுவா திறங்க. இன்னொண்ணு, அந்தப் பையனைக் கூப்பிட்டு எண்ணெய் விஷயத்தைச் சொல்லிட்டீங்களா? அவன் இன்னைக்கும் பத்து வீட்டுக்குப் போவான்.