செங்கோட்டைப் பக்கம் கைக்கு வந்த பழைய மின் ரயில்கள்

பழைய மின் ரயில் பொம்மைகள் எப்படிக் கைக்கு வந்தன என்று மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஏலத்தில் எடுத்தது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது என்றுதான் பாதிக் கதைகள். எங்கள் செங்கோட்டைப் பக்கம் அப்படியில்லை. இங்கே பழைய மின் ரயில் பொம்மை வெளியே வருவது ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து எஸ்டேட் பங்களாவிலிருந்து. இல்லையென்றால் கப்பல் வேலைக்குப் போன யாரோ ஒருவரின் டிரங்குப் பெட்டியிலிருந்து. அப்படி வந்தவற்றைத் திறந்து பார்த்தால், வயதாகிக் கெட்டதைவிட யாரோ ஆசையாகச் 'சரி பண்ணி'க் கெட்டதுதான் அதிகம்.

புனலூரில் ஒரு அம்மச்சி வீட்டில் இருந்தது லயனல். அமெரிக்காக்காரன் செய்தது, மூன்று தண்டவாளம், ஓ கேஜ் என்ற தண்டவாள அகலம். "லைட்டு எரியும், வண்டி நகராது மோனே" என்றார். லைட் எரிந்தால் பாதி நிம்மதி. லயனலில் ஈ-யூனிட் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவை கரண்ட் நின்று வரும்போதும் முன்னோக்கி, நடுநிலை, பின்னோக்கி, மறுபடி நடுநிலை என்று அது மாறும். அதைப் பூட்டி வைக்க ஒரு சின்ன லீவர். நடுநிலையில் பூட்டிக்கொண்டால் எஞ்சின் செத்த மாதிரிதான் கிடக்கும். லீவரைத் தள்ளினேன், உறுமியது, சக்கரம் மட்டும் அசையவில்லை. கியர் பக்கம் மூக்கை வைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. சிக்கு வாடை. தேங்காயெண்ணெய்!

குற்றம் சொல்ல முடியாது, அந்த ஊரில் தலைக்கும் கதவுக் கீலுக்கும் அதுதான். ஆனால் அது நாளாக நாளாகப் பிசினாக இறுகிவிடும். மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கியரைக் கழுவி, மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொண்டுபோகும் கம்யூட்டேட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். கம்யூட்டேட்டரின் செப்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் கரித்தூள் அடைந்தால் மோட்டார் சரியாகச் சுற்றாது. அதை எடுக்க ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. உப்புத்தாள் வேண்டாம், இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அப்புறம் அச்சுக்குத் தையல் மிஷின் ஆயில் ஒரு சொட்டு, கியருக்குக் கொஞ்சம் கிரீஸ்.

கம்யூட்டேட்டரில் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. லயனல் மோட்டாரும் மிக்சி மோட்டாரும் ஒரே ஜாதி. இரண்டிலும் காந்தம் கிடையாது, சுருள்தான். மிக்சி ரிப்பேர் கடையில் பிரஷ் வாங்கி அளவுக்கு அராவிப் போட்டேன், ஓடுகிறது. டிரான்ஸ்பார்மர்தான் போய்விட்டது. 110 வோல்ட் சாமானை நம் 230 வோல்ட்டில் சொருகினால் வேறென்ன ஆகும்? வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் போட்டாலும் அந்த டிரான்ஸ்பார்மர் வினாடிக்கு 60 சைக்கிள் கரண்டுக்குச் செய்தது, நம் 50 சைக்கிளில் கூடுதலாகச் சுடும். அதனால் பம்புசெட் வைண்டிங் கட்டும் அண்ணாச்சியிடம் போனேன்.

"எத்தனை வோல்ட் வேணும்?"

"6லேர்ந்து 18 வரைக்கும் டேப்பிங் வெச்சுக் கொடுங்க அண்ணாச்சி. பிள்ளைங்க தண்டவாளத்தைத் தொடும், கரண்ட் வர்ற சுற்றும் தண்டவாளத்துக்குப் போற சுற்றும் தனித்தனியா இருக்கணும்."

"பொம்மைக்கா!" என்று சிரித்தாலும் பியூஸோடு சேர்த்துப் பிரமாதமாகக் கட்டிக் கொடுத்தார். டிசி சப்ளை போதாதா என்று கேட்பீர்கள். ஓடும். ஆனால் லயனல் விசிலுக்குச் சைகையே ஏசியோடு கலந்து வரும் டிசிதான். முழுக்க டிசி கொடுத்தால் விசில் நிற்காமல் கத்தும். அம்மச்சி என்னை ஓட ஓட விரட்டியிருப்பார்!

எஸ்டேட்டிலிருந்து வந்தது ஹார்ன்பி டப்ளோ. 1938இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் தொடங்கிய வரிசை. இதற்கும் மூன்று தண்டவாளம் என்பதால் லயனல் டிரான்ஸ்பார்மரில் மாட்டிப் பார்க்கத் தோன்றும். கூடாது. இது 12 வோல்ட் டிசி, உள்ளே நிலைக்காந்தம். ஏசி கொடுத்தால் உறுமிச் சூடாகும், அவ்வளவுதான். இந்த வண்டியின் காந்தத்தை முன்பே யாரோ உருவி வெறுமனே வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் காந்தம் இரும்புத் துண்டோடு ஒட்டி இல்லாவிட்டால் வலுவை இழந்துவிடும். வண்டி ஊர்ந்துகொண்டு மோட்டார் சுட்டது. சின்ன நியோடிமியம் காந்தத் துண்டுகளை வைத்ததும் பழைய வேகம் வந்தது.

ஒன்று மட்டும் கைவிட வேண்டியதாயிற்று. 1930களின் ஹார்ன்பி ஓ கேஜ் எஞ்சின், துத்தநாகக் கலவை வார்ப்புச் சக்கரம். வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே வீங்கி விரிசல் விடும். ஈரமும் வெக்கையும் அதை விரைவுபடுத்தும். குற்றாலச் சாரல் எட்டும் ஊரில் கேட்கவா வேண்டும். பசை, எம்-சீல் எதுவும் நிற்காது. மாற்றுச் சக்கரம் வாங்கினால்தான் உண்டு. சாரல் மாதங்களில் என் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன், தகர ரயில் பெட்டிகளுக்கு மெழுகு. பாலிதீனில் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கித் துரு ஏறும்.

கடைசியாகப் பெயின்ட். மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று டப்ளோவைக் கொண்டு வந்தவரிடம் மன்றாடினேன். "கீறல் இருந்தா இருக்கட்டும் சார், அசல் எழுத்து போச்சுன்னா திரும்ப வராது" என்றேன். தலையாட்டிவிட்டு வாங்கிப் போனார். போன மாதம் படம் அனுப்பியிருந்தார். புனலூரில் கார் பட்டறையில் கொடுத்து, பளபளவென்று மெட்டாலிக் நீலம்.