தாழ்மை மகிழ்ச்சி தருமா? சாமிதோப்பையும் நட்டாலத்தையும் முன்வைத்து

கல்குளத்தான்:
கடவுளைத் தேடுகிறவன் முதலில் தன் பெருமையை இறக்கி வைக்க வேண்டும். மகிழ்ச்சி பிறகு தானாக வரும் என்பது என் கருத்து. நம் குமரி மாவட்டத்தில் சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தில், காவி வேட்டியும் பனையோலை விசிறியுமாக "கோவிந்தா, கோபாலா" என்று 12 கோயில்களுக்கு ஓடுகிறவர்களில் யார் அதிகாரி, யார் கொத்தனார் என்று எவரும் கேட்பதில்லை. வழியில் கொடுக்கிற பானகத்தை இரு கையாலும் வாங்கிக் குடிக்கும் அந்த முகங்களின் நிறைவை, பதவி உயர்வு பெற்றவர் முகத்தில்கூட நான் கண்டதில்லை.

தாமரைகுளம் வாசகி:
அண்ணன், ஓட்டத்தின் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் தாழ்மையைப் போதித்தால், அது யாருக்குப் போதிக்கப்படுகிறது என்று கேட்டே ஆக வேண்டும். தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் தோளில் சீலை இடக்கூடாது என்று திருவிதாங்கூர் ஆட்சியில் அடக்கி வைக்கப்பட்ட மக்களுக்குப் பணிவு நற்குணமாகவா வந்தது? தோளை மறைக்கும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்த மக்களிடம், அய்யாவழியைத் தோற்றுவித்த வைகுண்டர் (1809–1851) இன்னும் குனியச் சொல்லவில்லை, தலைப்பாகையோடு வழிபடச் சொன்னார். அவருடைய வழிபாட்டுத் தலமான சாமிதோப்பில் இன்றும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே செல்கிறார்கள். கருவறையான பள்ளியறையில் அவர்கள் காண்பது சிலையை அன்று. கண்ணாடியில் தலைப்பாகை கட்டிய தம்மையே. அங்கே மகிழ்ச்சி நிமிர்ந்ததால் வந்தது.

கல்குளத்தான்:
கண்ணாடியின் முன் நிற்பவரும் கைகூப்பி வணங்கத்தானே செய்கிறார்? ஓட்டம் முடியும் அதே நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனைப் பணியில் இருந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று, சாதி பாராமல் எல்லோருடனும் பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்தார். எவரும் வற்புறுத்தாமல் பதவியையும் குலப்பெருமையையும் விட்டவர் அவர். நிறைவு கிடைக்காமலா அதைத் தாங்கினார்?

தாமரைகுளம் வாசகி:
அவர் இறங்கியது, மற்றவர்களைத் தாழ்த்திப் பெற்ற உயரத்திலிருந்து. அதை நான் நேர்மை என்பேன். பணிதல் எல்லார்க்கும் நன்று என்ற வள்ளுவரும், "அவருள்ளும் செல்வர்க்கே செல்வம் தகைத்து" என்று, அது செல்வர்க்கே இன்னொரு செல்வம் என்று முடித்திருக்கிறார்.

கோட்டாறு மாணவன்:
இடையில் ஒரு சொல். கோயில் கொடையானாலும் ஆலயத் திருவிழாவானாலும், முதல் மரியாதை தமக்கு வரவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களே மேடையில் தாழ்மையைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன விவாதம்!

கல்குளத்தான்:
மேடைக்காரர்களை விடுங்கள். வாசகி எடுத்துக்காட்டிய குறள் இன்று நம் மேல்தான் பாய்கிறது. போராடிய தலைமுறைகளின் பயனாகப் படிப்பும் வேலையும் வளைகுடாப் பணமும் பெற்று, மாடி வீடு கட்டிக் குடியிருக்கும் நம்மை இன்று எவரும் குனியச் சொல்வதில்லை. ஆனாலும் நிறைவு வரவில்லையே! உரிமையைப் பெற நிமிர வேண்டும் என்பதை ஏற்கிறேன். இறைவனைத் தேட அந்த நிமிர்வு மட்டும் போதாது.

தாமரைகுளம் வாசகி:
அப்படியானால் இதை ரப்பர் தோட்ட முதலாளியிடம் சொல்லுங்கள், அண்ணன். நானும் உடன் வருகிறேன். விடியுமுன் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவரிடம் சொல்ல மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.