‘வந்தேறி எறும்பு’ வேண்டாம். ‘மண்டும் எறும்பு’ எனலாமா?

ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். ‘Invasive ant’ என்பதற்கு, அதாவது ஓரிடத்தில் பெருகி மற்ற உயிர்களை ஒடுக்கும் எறும்புக்கு, நம் சொற்பட்டியலில் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ஐயா எழுதியிருந்தது இது:

> ‘வந்தேறி எறும்பு’ சுருக்கமாக இருக்கிறது, பொருளும் நேரே விளங்குகிறது.

ஐயா, இந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரிப் பக்கம் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அம்மா டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார். பள்ளிக்கூடத்தில் என்னை அந்தச் சொல்லால் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளை பாடப்புத்தகத்தில் எறும்புக்கு அதுவே பெயரானால், அதே மாதிரி வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று அதைச் சத்தமாக வாசிக்க வேண்டிவரும்.

‘ஆக்கிரமிப்பு எறும்பு’ம் எங்கள் மலையில் ஒட்டாது. இங்கே ஆக்கிரமிப்பு என்றாலே நோட்டீஸ், சர்வே, பட்டா என்றுதான் மனசு ஓடும்.

‘அயல் எறும்பு’ பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கேரட்டும் உருளைக்கிழங்கும்கூட அயல்தானே! பாத்தி கட்டிய இடத்தில் பேசாமல் கிடக்கின்றன. சீகை மரமும் (வாட்டில்) அயல்தான். நட்ட இடத்தைத் தாண்டி இறங்கிப் புல்வெளியை மூடிவிட்டது. நாம் பெயர் தேடுவது சீகையின் குணத்துக்கு. 2022இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் ஆடுமாடுகளைப் பாடாய்ப்படுத்திய மஞ்சள் எறும்பின் தாயகம் ஆப்பிரிக்காவா ஆசியாவா என்பதே அறிவியலாளர்களிடையே இன்னும் முடிவாகவில்லை. எதற்கு அயல் என்று சொல்வது?

அதே எறும்பு இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவுக்கு 1934க்கு முன்பே வந்துவிட்டது. அரை நூற்றாண்டு போல இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. 1989இல்தான் காட்டில் அது புற்றோடு புற்றாகப் பெருகிக் கிடப்பதைக் கண்டார்கள். ஒரே கூட்டத்தில் பல ராணிகள். புற்றுக்கும் புற்றுக்கும் சண்டை கிடையாது. மரத்தில் சாறுறிஞ்சும் செதில்பூச்சி கசியவிடும் இனிப்புநீர் அதற்கு ஓயாத தீனி. எதிர்ப்பட்டதன்மேல் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். அந்தத் தீவின் செந்நண்டுகள் கண் தெரியாமல், நகர முடியாமல், ஒரு கோடிக்கு மேல் செத்துப்போயின. வந்தது எப்போதோ, வினை தொடங்கியது பெருகி அடைத்த பிறகு. சொல் அந்த அடைப்பைக் காட்ட வேண்டும்.

அதற்கு நாம் தினமும் புழங்கும் வினை இருக்கிறது: மண்டுதல். மண்டும் இனம், மண்டும் எறும்பு, செயலுக்கு மண்டுகை. ‘மண்டி எறும்பு’ என்று குறுக்கினால் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்குப் போய்விடும். ‘மண்டு எறும்பு’ வசவாகிவிடும். பெயரெச்சமாகவே இருக்கட்டும்.

‘பரவல்’ என்ற சொல்லைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். போன வாரம் நர்சரியில் வாங்கிய ரோஜாத் தொட்டியைக் கவிழ்த்தேன். வேர்க்கட்டியின் அடியில் சிற்றெறும்புகள், அரிசிக் குருணை போன்ற வெள்ளைக் கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு நாலாபக்கமும் ஓடின. நடுவே வயிறு பருத்த இரண்டு ராணிகள். ஒரு குடும்பமே தொட்டிமண்ணில் ஏறி மலைக்கு வந்திருக்கிறது. இப்படி இடம் மாறுவது பரவல். போன இடத்தை அடைப்பது மண்டுகை.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அந்தத் தொட்டியைக் காட்டி, “இது மண்டினா என்ன ஆகும் பாட்டி?” என்று கேட்டேன். “உண்ணிச்செடி மாதிரிதான். வேற ஒண்ணையும் இருக்க விடாது” என்றார். அந்த விளக்கத்தையே சொற்பட்டியலில் பதியலாம் என்பது என் வேண்டுகோள்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து